பேச்சு வராத சிப்பாய்கள்

ஒரு சின்ன டெஸ்ட். ‘நான் பேச மாட்டேன்’, ‘என்னால் பேச முடியவில்லை’, ‘எனக்குப் பேச்சு வரலை’. இந்த மூன்றையும் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். (பஸ்ஸில் படிப்பவர்கள் மனசுக்குள் சொன்னால் போதும். பக்கத்து சீட்காரர் பயந்துவிடுவார்.)

முதல் வாக்கியத்தில் முதலாளி நான். இரண்டாவதிலும் நான்தான், கொஞ்சம் நொடித்துப்போன முதலாளி. மூன்றாவதில் நான் கிட்டத்தட்ட ஆளே இல்லை. பேச்சு என்று ஒன்று எங்கிருந்தோ வர வேண்டும், வரவில்லை, நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். மழை வரலை, பஸ் வரலை என்பது மாதிரி. நம் பாட்டிமார்கள் சர்வசாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போன வாக்கியம் இது. பெரிய டாக்டர்களுக்கு இந்த மூன்றாவது வாக்கியம் புரிய நூறு வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

ஜெர்மன் டாக்டர் அடால்ஃப் குஸ்மால் 1877-லேயே இதைப் பற்றி எழுதிவிட்டார். தொண்டை, நாக்கு, மூளை எல்லாம் சரியாக இருந்தும் சில இடங்களில், சில பேரிடம் மட்டும் பேசாமல் இருக்கிறவர்கள். அவர் வைத்த பெயருக்கு அர்த்தம், வேண்டுமென்றே வாயை மூடிக்கொள்வது. 1934-ல் மோரிட்ஸ் டிராமர் என்ற ஸ்விஸ் மனநல மருத்துவர் வேறு பெயர் கொடுத்தார். அதிலும் ‘இஷ்டப்பட்டுத் தேர்ந்தெடுத்தது’ என்ற வாடை போகவில்லை. 1994-ல்தான் அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு பெயரைக் கொஞ்சம் மாற்றி ‘செலக்டிவ் ம்யூட்டிஸம்’ ஆக்கியது. சில இடங்களில் மட்டும் பேச்சு வராதது, அவ்வளவுதான். பிள்ளை பிடிவாதம் பிடிக்கிறது என்ற குற்றச்சாட்டு வாபஸ். 2013-ல் வந்த அடுத்த பதிப்பில் இதை பயம், பதற்றம் சம்பந்தப்பட்ட கோளாறுகளின் பட்டியலில் சேர்த்தார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். ‘மாட்டேன்’-இலிருந்து ‘வரலை’-க்கு வந்து சேர 136 வருஷம்!

நான் பி.காம். டெபிட், கிரெடிட் தாண்டி எனக்கு நரம்பு, மூளை பற்றியெல்லாம் எந்த அதிகாரமும் கிடையாது. இந்த விஷயத்துக்குள் என்னை இழுத்துவிட்டது ஒரு நாவல். பாட் பார்க்கர் என்ற ஆங்கிலேயப் பெண்மணி 1991-ல் எழுதிய ‘ரீஜெனரேஷன்’. முதல் உலகப்போர் பற்றிய நாவல்தான், ஆனால் போர்க்களம் கிட்டத்தட்ட வரவே வராது. முக்கால்வாசிக் கதை ஸ்காட்லாந்தில், எடின்பரோ பக்கத்தில் க்ரெய்க்லாக்கார்ட் என்ற ராணுவ மருத்துவமனையில் நடக்கிறது. வருஷம் 1917. நோயாளிகள் எல்லாம் போரில் மனம் உடைந்துபோன அதிகாரிகள். டாக்டர், டபிள்யூ.எச்.ஆர். ரிவர்ஸ். கற்பனைப் பாத்திரம் அல்ல, நிஜ மனிதர்.

இந்த ரிவர்ஸுக்கும் நமக்கும் ஒரு பந்தம் உண்டு. 1901-ல் இவர் நம்ம ஊட்டிக்கு வந்தவர். மாதக்கணக்கில் தங்கி, தோடர்களின் வீடு, எருமை, பால்மனை, கல்யாணம், சாவு என்று ஒன்று விடாமல் விசாரித்து, 1906-ல் ‘தி தோடாஸ்’ என்று தலையணை சைஸில் ஒரு புத்தகம் போட்டார். யாருக்கு யார் மாமன், யாருக்கு யார் மச்சான் என்று வம்சாவளி எழுதுவது அவருடைய முறை. இதில் ஒரு வேடிக்கை, தோடர்களிடம் இறந்துபோன உறவினர் பெயரைச் சொல்வது விலக்கு. செத்தவர் பெயர் இல்லாமல் வம்சாவளி எப்படி எழுதுவது? மனிதர்கள் வாய்திறக்காத இடத்தில்தான் முக்கியமான விஷயம் இருக்கிறது என்ற பாடத்தை இந்த ஆள் நீலகிரிக் குளிரிலேயே கொஞ்சம் கற்றிருப்பார் என்று எனக்கு ஒரு நினைப்பு. (என் சொந்தச் சரக்கு.)

இன்னொரு விஷயம், ரிவர்ஸுக்கே திக்குவாய். அவருடைய அப்பா திக்குவாய்க்கு சிகிச்சை கொடுத்தவர்! வைத்தியர் வீட்டுப் பிள்ளைக்கு வியாதி தீராது என்று நம் ஊரில் சொல்வார்களே, அந்தக் கதை.

இப்போது நாவலுக்குள் போவோம்.

பில்லி ப்ரையர் என்று ஓர் இளம் அதிகாரி வருகிறான். இவன் கற்பனைப் பாத்திரம். பேச்சு போய்விட்டது. கேட்ட கேள்விக்கெல்லாம் ஒரு நோட்டுப் புத்தகத்தில் பெரிய எழுத்துகளில் பதில் எழுதிக் காட்டுகிறான். ஞாபகம் இல்லை என்பதுதான் பெரும்பாலும் பதில். ரிவர்ஸ் அவசரப்படுவதில்லை. அதட்டுவதில்லை. ஒருநாள் ராத்திரி கெட்ட கனவு கண்டு அலறுகிறான் ப்ரையர், குரல் தானாகத் திரும்புகிறது. குரல் வந்துவிட்டால் தீர்ந்ததா? பேச்சு எதனால் போனது என்பது இன்னும் இருட்டில்தான் இருக்கிறது.

பிறகு மனோவசிய முறையில் அது வெளியே வருகிறது. பதுங்குகுழியில் காலை நேரம். இரண்டு சிப்பாய்கள் அடுப்பு மூட்டி ஏதோ சமைத்துக்கொண்டிருக்கிறார்கள். ப்ரையர் இரண்டு வார்த்தை பேசிவிட்டு நகர்கிறான். குண்டு விழுகிறது. அந்த இரண்டு பேரையும் மண்வெட்டியால் அள்ளி சாக்கில் போடும் வேலை இவனுக்கு. வேலை கிட்டத்தட்ட முடிந்த நேரத்தில், மிதிபலகைக்குக் கீழே ஒரு கண். தனியாக. அதை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, பெரிய உருண்டை மிட்டாய் மாதிரி இருக்கிற இதை என்ன செய்வது என்று பக்கத்தில் இருப்பவனிடம் கேட்கிறான். அதுதான் அவன் கடைசியாகப் பேசியது.

இதையெல்லாம் சொல்லி முடித்ததும் ப்ரையர் அழுவான் என்றுதானே நினைப்பீர்கள்? கோபப்படுகிறான். இவ்வளவுதானா என்கிற கோபம். தன் உத்தரவால் ஆட்கள் செத்திருப்பார்கள், தான் பெரிய தப்பு செய்திருப்போம் என்று பயந்துகொண்டிருந்தவனுக்கு, யாரும் குற்றவாளி இல்லாத ஒரு சாதாரண காலைப்பொழுது போதவில்லை. இந்தக் கோபத்தை எழுதிய இடத்தில்தான் பாட் பார்க்கர் என்னை மடக்கினார். நம் சினிமாவாக இருந்தால் ஃப்ளாஷ்பேக் முடிந்ததும் வயலின் வந்திருக்கும்.

சினிமா என்று வந்ததால் ஒரு வார்த்தை. நம் படங்களில் அதிர்ச்சியில் பேச்சு போன கதாநாயகி, கிளைமாக்ஸில் கரெக்டாக வில்லன் கத்தியை ஓங்கும்போது ஹீரோ பெயரைச் சொல்லி அலறுவாள். பேச்சு வந்துவிடும். ஓர் அதிர்ச்சியில் போனது இன்னொரு அதிர்ச்சியில் வரும் என்பது நம் திரைக்கதை விதி. 2007-ல் ராதாமோகனின் ‘மொழி’ வந்தபோது எனக்குப் பிடித்துப்போனதற்கு முக்கியக் காரணம், ஜோதிகாவுக்குக் கடைசிவரை எந்த அற்புதமும் நடக்கவில்லை. நல்ல மனிதர்கள் அவருடைய மொழியைக் கற்றுக்கொண்டார்கள், அவ்வளவே. தமிழ் சினிமாவில் இது சின்ன சாதனை இல்லை.

அதிர்ச்சிக்கு அதிர்ச்சி என்ற விதி நம் கோடம்பாக்கத்தின் சொந்தக் கண்டுபிடிப்பு என்று நினைத்திருந்தேன். இல்லை. லண்டனில் அதை மின்சாரம் வைத்தே செய்து பார்த்திருக்கிறார்கள்.

நாவலின் கடைசிப் பகுதியில் ரிவர்ஸ் லண்டனில் க்வீன் ஸ்கொயர் மருத்துவமனைக்குப் போகிறார். அங்கே லூயிஸ் யெலண்ட் என்ற டாக்டர். கனடாக்காரர், இவரும் நிஜ மனிதர். 1918-ல், போரில் வரும் ஹிஸ்டீரியா கோளாறுகளைக் குணப்படுத்திய விதம் பற்றித் தானே ஒரு புத்தகம் எழுதியவர். பார்க்கர் இந்த அத்தியாயத்துக்கு மூலமாக எடுத்துக்கொண்டது அந்தப் புத்தகத்தைத்தான். வில்லனைப் பற்றி எதிரிகள் எழுதிய கதை இல்லை இது. அவரே பெருமையாகப் பதிவு செய்தது.

நோயாளிக்கு நாவலில் கேலன் என்று பெயர். சாதாரண சிப்பாய். மோன்ஸ், மார்ன், ஈப்ர், லூஸ் என்று அந்தப் போரின் பெரிய சண்டைகளில் முக்காலும் பார்த்தவன். ஒருநாள் குதிரைகளுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தபோது விழுந்தான். எழுந்தபோது பேச்சு இல்லை. அவனை ஏற்கெனவே நாற்காலியில் கட்டிவைத்து, கழுத்திலும் தொண்டையிலும் மின்சாரம் பாய்ச்சியாயிற்று. எரிகிற சிகரெட்டை நாக்கு நுனியில் வைத்தாயிற்று. சூடான தகட்டை வாய்க்குள் வைத்தாயிற்று. எதற்கும் மசியவில்லை.

யெலண்ட் அவனை ஓர் அறைக்கு அழைத்துப் போகிறார். திரைகளை இழுத்து இருட்டாக்குகிறார். கதவைப் பூட்டுகிறார். பேசினால்தான் வெளியே போகலாம் என்பது நிபந்தனை. தொண்டைக்குள் மின்முனை. முதல் ஷாக்கில் உடம்பு பின்னால் தூக்கியடித்ததில் வயரே பேட்டரியிலிருந்து கழன்றுகொள்கிறது. மணிக்கணக்கில் இது தொடர்கிறது. முதலில் மூச்சுபோல ‘ஆ’. பிறகு எழுத்துகள். பிறகு வார்த்தைகள். நடுவில் ஓடப் பார்க்கிறான், கதவு பூட்டியிருக்கிறது. ஒரு கட்டத்தில் இன்னும் பலமாகக் கொடுங்கள் என்று அவனே ஜாடை காட்டுகிறான். அதற்கும் டாக்டருக்குக் கோபம் வருகிறது. எவ்வளவு கொடுப்பது என்று நான்தான் முடிவு செய்வேன், நோயாளி யோசனை சொல்லக் கூடாது!

கடைசியில் பேசிவிடுகிறான். பேசி முடித்து லேசாகச் சிரிக்கிறான். அந்தச் சிரிப்பு டாக்டருக்குப் பிடிக்கவில்லை. அதையும் மின்சாரத்தால் சரிசெய்கிறார். அதற்குப் பிறகு நன்றி சொல்லச் சொல்கிறார். சொல்கிறான்.

இந்த அத்தியாயத்தைப் படித்துவிட்டு நான் புத்தகத்தை மூடிவைத்தேன். மூன்று நாள் திறக்கவில்லை. யெலண்டைப் பார்த்துப் பயந்ததால் மட்டும் இல்லை. எனக்கு இந்தக் காட்சி ஏற்கெனவே தெரியும் என்பதால்.

அதற்கு வருகிறேன். முதலில் நாவலை முடித்துவிடலாம்.

அந்தக் காட்சியில் அடித்துப்போடும் விஷயம் வலி மட்டும் இல்லை. அவனுக்குப் பேச்சு வர வேண்டும் என்பதில் டாக்டருக்கு அவ்வளவு அக்கறை. வந்தபின் அவன் என்ன பேசப்போகிறான் என்பதில் துளி ஆர்வம் இல்லை. மோன்ஸில் என்ன பார்த்தாய், லூஸில் என்ன பார்த்தாய், எதுவும் கேட்பதில்லை. ரேடியோ ரிப்பேர் செய்கிறவர் சத்தம் வந்ததா என்றுதான் பார்ப்பார், நியூஸ் கேட்க மாட்டார். என் காமர்ஸ் புத்திக்கு இது வேறு மாதிரியும் தெரிகிறது. பேச்சு போன சிப்பாய் ராணுவத்தின் பார்வையில் பழுதான சரக்கு. சரிபண்ணி ஸ்டாக்கில் சேர்த்தால் லாபம், முடியாவிட்டால் ஆயுசு முழுக்க பென்ஷன்.

ஏன் பேச்சு போனது என்பதற்கு நாவலில் ரிவர்ஸ் ஒரு காரணம் வைத்திருக்கிறார். சிப்பாய்களுக்குப் பேச்சு போகிறது, அதிகாரிகளுக்குத் திக்குகிறது. நிஜ ரிவர்ஸும் இந்த வித்தியாசத்தைத் தன் கட்டுரைகளில் எழுதியவர்தான். மேலதிகாரியைப் பார்த்து ‘இது அநியாயம், நான் போக மாட்டேன்’ என்று சொல்ல நாக்கு துடிக்கிறது. சொன்னால் கோர்ட் மார்ஷல். சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. உடம்பு ஒரு வழி கண்டுபிடிக்கிறது. பேசும் வசதியையே எடுத்துவிட்டால் பிரச்னை தீர்ந்தது! அதிகாரிக்கு அவ்வளவு பயம் இல்லை, அதனால் பாதி பேச்சு வரும், பாதி நிற்கும்.

கோர்ட் மார்ஷல் என்றால் வெறும் மிரட்டல் என்று நினைக்காதீர்கள். அந்தப் போரில் ஓடிப்போனது, கோழைத்தனம் மாதிரியான குற்றங்களுக்காக பிரிட்டிஷ் ராணுவம் சுட்டுக்கொன்ற தன் ஆட்களில் 306 பேருக்கு 2006-ல் தனிச் சட்டப்பிரிவு போட்டு மன்னிப்பு கொடுத்தார்கள். கிட்டத்தட்ட 90 வருஷம் கழித்து. ‘மாட்டேன்’ என்று வாயால் சொன்னவனுக்குத் துப்பாக்கி. ‘வரலை’ என்று உடம்பால் சொன்னவனுக்கு மின்சாரம். சுமார் 80,000 பிரிட்டிஷ் வீரர்கள் ‘ஷெல் ஷாக்’ கணக்கில் வந்தார்கள். கணக்கு ஏறிக்கொண்டே போனதும் ராணுவம் என்ன செய்தது தெரியுமா? 1917-ல் அந்த வார்த்தைக்கே தடை. அதற்குப் பதிலாக, இன்னும் கண்டறியப்படாத நரம்புக் கேஸ் என்று நாலு எழுத்தில் ஒரு சுருக்கம். வியாதிக்கே வாயைக் கட்டிய முதல் ராணுவம் அதுவாகத்தான் இருக்கும்.

இந்த இடத்தில் பார்க்கரின் சாமர்த்தியத்தைச் சொல்ல வேண்டும். ப்ரையர் அதிகாரி. விதிப்படி அவனுக்குத் திக்குவாய்தான் வந்திருக்க வேண்டும். பேச்சு போவது சிப்பாய் வியாதி. ஆனால் ப்ரையர் தொழிலாளி வீட்டுப் பிள்ளை; போர் அவசரத்தில் அதிகாரியாக ஆக்கப்பட்டவன். மெஸ்ஸில் மற்ற அதிகாரிகள் அவனுடைய உச்சரிப்பைக் கேட்டே எந்தத் தெரு என்று கண்டுபிடித்துவிடுவார்கள். பதவி மேலே, பயம் கீழே. அதனால் அவனுக்கு வந்திருப்பது கீழே இருப்பவர்களின் வியாதி. ஒரு வார்த்தை பேசாமல் அவனுடைய தொண்டை அவனுடைய ஜாதகத்தைச் சொல்லிவிடுகிறது. நாலு பக்கத்துக்கு வர்க்கம், ஏற்றத்தாழ்வு என்று பிரசங்கம் செய்யாமல் இதை ஒரு நோயின் தேர்விலேயே வைத்துவிட்டாரே, அது பெரிய எழுத்தாளர் வேலை.

நாவலின் இன்னொரு முனையில் சிக்ஃப்ரீட் சசூன் இருக்கிறார். நிஜக் கவிஞர், வீரப்பதக்கம் வாங்கிய அதிகாரி. பேச்சு போகாதவர், பேசித் தொலைத்தவர்! இந்தப் போர் தேவையில்லாமல் நீட்டிக்கப்படுகிறது என்று 1917-ல் பகிரங்க அறிக்கை விட்டார். அது பார்லிமென்ட்டில் வாசிக்கப்பட்டது. கோர்ட் மார்ஷல் செய்தால் ஊர் முழுக்கப் பேச்சாகும். ‘பாவம், மனநிலை சரியில்லை’ என்று க்ரெய்க்லாக்கார்ட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பேசாதவனைப் பேச வைக்க ஓர் ஆஸ்பத்திரி, பேசியவனைப் பேசாமல் ஆக்க ஓர் ஆஸ்பத்திரி.

நாவலின் ஆணிவேர் இந்த இடம்தான். யெலண்டைப் பார்த்துவிட்டு வந்த ராத்திரி ரிவர்ஸுக்கு ஒரு கனவு. ஒரு மனிதனின் வாய்க்குள் தானே எதையோ திணித்துக்கொண்டிருப்பதாக. மின்முனை என்று பார்த்தால், அது குதிரைக்குப் போடும் கடிவாள இரும்பு. விழித்து உட்கார்ந்து யோசிக்கிறார். நான் அன்பாகப் பேசுகிறேன், யெலண்ட் கரண்ட் வைக்கிறார். ஆனால் இரண்டு பேரும் செய்வது ஒன்றுதானே? குணமாகித் திரும்பிப் போகிற ஒவ்வொருவனும் ஓர் எதிர்ப்பை இங்கே விட்டுவிட்டுத்தானே போகிறான்?

நல்லவர் ஒருவர், கெட்டவர் ஒருவர் என்று பங்கு பிரித்துக் கதை முடிந்திருந்தால் இது சாதாரண நாவல். அதுவரை ரிவர்ஸ் கொஞ்சம் அதிகப்படியாக மகான் மாதிரி இருக்கிறாரே என்று எனக்கு ஒரு மனக்குறை இருந்தது. அந்தக் கடிவாளம் வந்த பிறகு குறை இல்லை. சசூன் கடைசியில் தானாகவே போர்முனைக்குத் திரும்பச் சம்மதிக்கிறார். ரிவர்ஸ் அவருடைய ஃபைலை மூடுகிறார். யாரும் யாரையும் கட்டிவைக்கவில்லை. எல்லாம் மரியாதையாக நடந்தது. அதுதான் தொண்டையை அடைக்கிறது.

குறைகளும் உண்டு. சசூன் வரும் பக்கங்கள் எனக்குக் கொஞ்சம் பாடப்புத்தகம். பெரிய கவிஞர் ஆயிற்றே என்ற மரியாதை, பாத்திரத்துக்கு ரத்தம் ஓட விடவில்லை. பக்கத்தில் ப்ரையர் வந்து நின்றால் சசூன் காலண்டர் படமாகிவிடுகிறார். யெலண்ட் விஷயத்திலும் ஒரு நியாயம் சொல்ல வேண்டும். அந்த மருத்துவமனையின் பழைய பதிவேடுகளைப் பின்னாளில் புரட்டிய ஆய்வாளர்கள், மின்சார வைத்தியம் செய்தது அவர் ஒருவர் மட்டும் அல்ல, அந்தக் காலத்தில் பல டாக்டர்கள் செய்ததுதான் என்று எழுதியிருக்கிறார்கள். நாவலில் அவர் தனி ராட்சசன். 1997-ல் வந்த சினிமாவில் நரைத்த பெரியவராகவே ஆக்கிவிட்டார்கள். நிஜத்தில் அப்போது அவருக்கு முப்பது சொச்சம் வயசு. கெட்டிக்கார இளைஞர், நாலு பேரைக் குணமாக்கிப் பேர் வாங்க வேண்டும் என்று துடித்தவர். அது இன்னும் பயங்கரம் இல்லையா? கொடுமைக்காரக் கிழவர் என்றால் நாம் தள்ளி உட்கார்ந்து பார்க்கலாம். உற்சாகமான இளைஞன் என்றால் கொஞ்சம் நம் ஜாடை தெரியும்.

எனக்குத் தெரிந்தது.

1992. கும்பகோணம் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடம், ஏழாம் வகுப்பு. நான் கிளாஸ் லீடர். சார் வெளியே போனால் கரும்பலகையில் ‘பேசுபவர்கள்’ என்று தலைப்பு போட்டுப் பெயர் எழுதுவது என் உத்தியோகம். பட்டியலில் வராத ஒரே ஆள், மூன்றாவது பெஞ்சு ஓரத்துப் பையன். அவன் பள்ளிக்கூடத்தில் ஒரு வார்த்தை பேசி யாரும் கேட்டதில்லை. அட்டெண்டன்ஸுக்குக்கூட கையைத்தான் தூக்குவான். வீட்டில் நன்றாகப் பேசுவான். அவன் தெருவில் கோலி ஆடும்போது போடும் சத்தத்தை நானே கேட்டிருக்கிறேன். வீட்டுக்காரர்கள் பயந்த கோளாறு என்று தர்காவில் மந்திரித்து, கையில் கறுப்புக் கயிறு கட்டியிருந்தார்கள். சாருக்கு அது திமிர். வீட்டில் வாய் வருதில்ல, இங்கே மட்டும் வராதா? பெஞ்சு மேல் நிற்க வைத்தார். தொடையில் கிள்ளினார். ஒரு பீரியட் முழுக்க, ‘உள்ளேன் ஐயா’ சொன்னால் உட்காரலாம் என்று நிற்க வைத்தார். அவன் வாயைத் திறந்து மூடுவான். கழுத்து நரம்பு புடைக்கும். சத்தம் வராது. நாங்கள் சிரித்தோம்.

ஒருநாள் சார், ‘இவனை எவன் பேச வைக்கிறானோ அவன் எடுக்கிற மார்க்கோட அஞ்சு மார்க்’ என்றார். விளையாட்டாகச் சொன்னாரோ என்னவோ. நான் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. மத்தியானம் சாப்பாட்டு மணி அடித்த பிறகு, பின்னால் போய் உட்கார்ந்து, ஜியாமெட்ரி பாக்ஸிலிருந்து காம்பஸை எடுத்து அவன் முழங்கைக்கு மேலே குத்தினேன். கோபம் ஒன்றும் இல்லை. அவன்மேல் எனக்கு விரோதமே கிடையாது. ‘ஐயோ’ என்று ஒரு சத்தம் வந்தால் போதும், அதுவும் பேச்சுதானே என்று கணக்கு. அவன் திரும்பி என்னைப் பார்த்தான். கண்ணில் தண்ணீர் நின்றது. சத்தம் வரவில்லை. இன்னொரு முறை குத்தினேன். சட்டைக்கு வெளியே சின்னதாக ஒரு சிவப்புப் புள்ளி வந்த பிறகுதான் நிறுத்தினேன்.

அவன் யாரிடமும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வான்? என் தைரியமே அதுதானே.

அந்த ஐந்து மார்க் கிடைக்கவில்லை. அடுத்த வருஷம் அவன் வேறு ஊருக்குப் போய்விட்டான். இப்படிப்பட்ட குழந்தைகளை எப்படிக் கையாள்வது என்று இன்று சிகிச்சையாளர்கள் சொல்வதைப் படித்தால் ரொம்ப எளிமையாக இருக்கிறது. பேசு பேசு என்று நெருக்காதே, பேசினால் கூட்டமாகக் கைதட்டாதே, தலையாட்டினால் ஏற்றுக்கொள், அவன் நம்பும் ஓர் ஆளோடு வகுப்பறையில் தனியாகப் பேச விடு, பிறகு இன்னொருவரை மெதுவாக உள்ளே சேர். கரண்ட் வேண்டாம், கயிறு வேண்டாம், அஞ்சு மார்க் வேண்டாம்.

போன வருஷம் ஒரு உறவுக்காரக் கல்யாணத்தில், பந்தியில் பக்கத்து இலையில் அவன்! அவன்தான் என்னை அடையாளம் கண்டுபிடித்தான். மெடிக்கல் ரெப்பாக ஆரம்பித்து இப்போது ஏரியா மேனேஜர். டாக்டர்களிடம் நாள் முழுக்கப் பேசுகிற உத்தியோகம். பிள்ளைகள், ஃபிளாட், ஜி.எஸ்.டி. என்று சரளமாகப் பேசினான். நான்தான் திக்கினேன். காம்பஸ் விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும் என்று சாம்பார் சாதத்திலிருந்து முயற்சி செய்கிறேன், வார்த்தை வரவில்லை.

அப்போது சார் வந்தார். ரிட்டயராகி, தளர்ந்து, கைத்தடியோடு. பந்தி பந்தியாக விசாரித்துக்கொண்டே வந்தவர், இவனைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்து நின்றுவிட்டார். முகமெல்லாம் சிரிப்பு.

“என்னடா, இப்பவாவது வாய் வருதா?”

அவன் மரியாதையாகப் பாதி எழுந்தான். சிரித்தான். வாயைத் திறந்தான். மூடினான். கழுத்தில் அந்த நரம்பு. சார் அவன் தோளைத் தட்டிவிட்டு அடுத்த வரிசைக்குப் போனார்.

அவர் முதுகு மறைகிறவரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என் பக்கம் திரும்பினான்.

“ரசம் நல்லா இருக்குல்ல?” என்றான்.